காலராக் கிருமியின் சமயோசிதம்

கன்னம் வைக்கிற திருடன் இருபத்துநாலு மணி நேரமும் கன்னக்கோலைக் கையில் பிடித்துக்கொண்டு திரிவதில்லை. பகலில் அவனும் நம்மைப்போல் வேஷ்டி கட்டிக்கொண்டு கடைத்தெருவில் நின்று வெற்றிலை வாங்குகிறான். எதிரே வருகிறவர்களை க்ஷேமம் விசாரிக்கிறான். கன்னக்கோல் அவன் வீட்டுப் பரண்மேல் கிடக்கிறது. எந்தத் தெரு, எந்த வீடு, எந்த நாழிகை, கூட வருகிறவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் தீர்மானமான பிறகுதான் அது கீழே இறங்குகிறது. நோய்க் கிருமிகளைப் பற்றி மட்டும் நாம் வேறு விதமாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். விஷக் கிருமி என்றால் அது பிறந்த நிமிஷம் முதல் ஓயாமல் விஷத்தைக் கக்கிக்கொண்டேயிருக்கும் என்பது நம் எண்ணம். உண்மை அப்படியல்ல. கண்ணுக்குப் புலப்படாத அந்த அற்ப ஜந்துவும் இடம், வேளை, ஆள்பலம் மூன்றையும் பார்த்துத்தான் ஆயுதத்தைக் கையில் எடுக்கிறது. எப்படிப் பார்க்கிறது, யார் உத்தரவு கொடுக்கிறார்கள் என்பதைச் சென்ற நாற்பது ஆண்டுகளாக விஞ்ஞானிகள் வெகு நுட்பமாக ஆராய்ந்து வருகிறார்கள்.

உதாரணத்துக்குக் காலராக் கிருமியையே எடுத்துக்கொள்வோம். வாந்திபேதி என்று நம் பெரியவர்கள் நடுநடுங்கிய வியாதி அதுதான். அதைத் தேர்ந்தெடுப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, கிருமிகளின் சூழ்ச்சியை இவ்வளவு விவரமாக எடுத்துக் காட்டக்கூடிய வியாதிகள் மிகச் சில. இரண்டாவது, அந்தச் சரித்திரத்தின் மிக முக்கியமான அத்தியாயத்தை எழுதியவர் கல்கத்தாவில் வேலை பார்த்த ஒரு வங்காளி. அவர் பெயர் நம்மவரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டால், பதில் சொல்லக் கூச்சமாயிருக்கும்.

காலராக் கிருமியை முதன் முதலில் பூதக்கண்ணாடியில் பார்த்தவர் இத்தாலிய தேசத்துப் பிளாரென்ஸ் நகரத்தைச் சேர்ந்த பாசினி என்பவர். 1854-ம் வருஷத்தில் பார்த்தார். அவர் சொன்னதை அப்போது யாரும் பொருட்படுத்தவில்லை. 1883-ல் எகிப்திலும், பிறகு 1884-ல் நமது கல்கத்தாவிலும் அதைத் தேடிப் பிடித்து, தனியாக வளர்த்து, உலகத்தை நம்பவைத்த பெருமை ஜெர்மன் டாக்டர் ராபர்ட் கோக்கைச் சேர்ந்தது. காற்புள்ளியைப்போல் சற்றே வளைந்த உடம்பு. ஒரு முனையில் சுழலும் வால். இந்தக் கிருமி ஏதோ ஒரு விஷத்தை உண்டாக்குகிறது என்று கோக் அப்போதே ஊகித்தார். ஆனால் அந்த விஷத்தைக் கண்ணால் காண்பதற்கு முக்கால் நூற்றாண்டு பிடித்தது.

ஏன் அவ்வளவு தாமதம்? தேடியவர்கள் தவறான இடத்தில் தேடினார்கள். விஷம் என்றால் அது இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் ஓட வேண்டும் என்று அவர்கள் எண்ணினார்கள். ஆகவே கிருமியையும் கிருமிச் சாற்றையும் மிருகங்களின் இரத்தக் குழாயிலும் வயிற்றுத் தசையிலும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். மிருகங்கள் செத்தன, காலரா மட்டும் வரவில்லை. சம்புநாத் டே என்ற டாக்டர் இதை வேறு விதமாக யோசித்தார். ஹூக்ளி ஜில்லாவில் ஒரு கிராமத்தில் 1915-ல் பிறந்தவர் அவர். வியாதி நடப்பது குடலிலே. பின்னே விஷத்தைக் குடலில் அல்லவா தேட வேண்டும்? முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, நடுவே கிருமியைச் செலுத்தினார். மறுநாள் பார்த்தால் அந்தத் துண்டு நீர் கோத்துப் புடைத்துக் கிடந்தது! இது 1953-ல். பின்னர் கிருமிகளை வளர்த்த ரசத்தை ஒரு கிருமிகூட இல்லாதபடி வடிகட்டி, அந்தத் தெளிவை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் புடைத்தது. கிருமி வெளியே நின்றுகொண்டது. அதன் விஷம் மட்டும் உள்ளே போய் வேலை செய்தது. 1959-ல் 'நேச்சர்' என்ற ஆங்கிலப் பத்திரிகையில் இந்தச் செய்தி வெளியாயிற்று.

பெரிய யந்திரங்கள் எதுவும் இந்தப் பரிசோதனைக்கு வேண்டியிருக்கவில்லை. முயலும், நூலும், வடிகட்டியும், அவற்றை எங்கே வைப்பது என்று தெரிந்த புத்தியுமே மூலதனம். நோபல் பரிசு பெற்ற லெடர்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு தடவைக்கு மேல் டேயின் பெயரை அந்தப் பரிசுக்குச் சிபாரிசு செய்தார். 1978-ல் நோபல் ஸ்தாபனத்தார் ஸ்டாக்ஹோமில் கூட்டிய காலரா மகாநாட்டுக்கு அவரை வரவழைத்தார்கள். நம் நாட்டிலோ, எந்த விஞ்ஞான அகாடெமியும் அவரை அங்கத்தினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. 1985-ல் அவர் காலமானார். கங்கைக் கரையில் நடந்த காரியத்தின் அருமையை நாம் தேம்ஸ் நதிக்கரைப் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. போகட்டும்.

அந்த விஷம் செய்கிற வேலை இன்னதென்று இப்போது நன்றாகத் தெரிந்துவிட்டது. குடலின் உட்சுவரில் உள்ள உயிரணுக்களுக்கு உப்பையும் நீரையும் அளந்து விடும் மதகுகள் இருக்கின்றன. விஷம் உள்ளே புகுந்ததும் மதகு திறந்தது திறந்தபடி நின்றுவிடுகிறது. உடம்பிலுள்ள உப்பு குடலுக்குள் பாய்கிறது. உப்பைத் தொடர்ந்து நீரும் பாய்கிறது. கடுமையாகத் தாக்கப்பட்டவன் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரையில் நீரை இழந்துவிடக் கூடும். மனிதனைக் கொல்வது வறட்சிதான். உப்பும் சர்க்கரையும் கரைத்த ஜலத்தை விடாமல் குடிக்கக் கொடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். 1971-ல் வங்காள தேசத்து யுத்தத்தின்போது, எல்லைப்புறத்துப் பன்காவ் என்ற ஊர் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகாலனபிஸ் இந்த முறையைத்தான் கையாண்டார். நூற்றுக்கு முப்பதாக இருந்த மரணம் நாலுக்கும் கீழே இறங்கியது.

இனித்தான் நமது கேள்வி வருகிறது. இந்தக் கிருமி தன் ஆயுளில் பெரும் பாகத்தை மனிதன் வயிற்றில் கழிப்பதேயில்லை. அதன் சொந்த ஊர், கங்கை போன்ற நதிகள் சமுத்திரத்தில் கலக்கும் இடத்திலுள்ள உவர் ஜலம். அங்கே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீந்தும் நுண்ணிய இறால் இனப் பூச்சிகளின் மேலோட்டில் ஒட்டிக்கொண்டு, அந்த ஓட்டையே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று காலக்ஷேபம் செய்கிறது. (வங்காள தேசத்துக் கிராமங்களில் பழைய பருத்திப் புடவையைப் பல மடிப்பாக மடித்துக் குடிஜலத்தை வடிகட்டச் சொன்னார்கள். பூச்சிகளோடு கிருமியும் புடவையில் தங்கிவிட, காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. 2003-ல் வெளியான முடிவு இது.) அந்த விசாலமான ஜலப்பரப்பில் கிருமி விஷத்தைத் தயாரித்தால் அது கடலில் கரைத்த பெருங்காயந்தான். விஷம் தயாரிக்கப் பொருளும் சக்தியும் செலவாகின்றன. அப்படி வீண் செலவு செய்கிற கிருமி, சிக்கனமாக வாழும் அண்டை வீட்டுக் கிருமியோடு போட்டியிட்டு நிலைக்க முடியாது. ஆகவே விஷத்தைச் செய்யும் குறிப்பைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டிருக்கிறது.

அந்தக் குறிப்புக்குத்தான் மரபணு என்று பெயர். காலராக் கிருமியிடம் சுமார் 3,900 மரபணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பொருளைச் செய்வதற்கான குறிப்பு. பெட்டியில் குறிப்பு இருப்பது வேறு. அதைப் பிரித்துப் படித்து வேலையைத் தொடங்குவது வேறு. விஷத்தின் குறிப்பைப் படிக்கச் சொல்லி உத்தரவிடுவது யார்? 1984-ல் அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த மில்லர் என்ற பெண்மணியும் மெக்கலானஸ் என்பவரும் அந்த அதிகாரியைப் பிடித்துவிட்டார்கள். டாக்ஸ்-ஆர் என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். அது ஒரு புரதம். மூன்று வருஷம் கழித்து அதன் விசித்திரமான ஆசனமும் தெரிய வந்தது. கிருமியின் உள் தோலுக்குக் குறுக்கே அது உட்கார்ந்திருக்கிறது. தலை தோலுக்கு வெளியே, கை உள்ளே. திண்ணையில் உட்கார்ந்து வெளியே வேவு பார்த்தபடியே, ஜன்னல் வழியாக உள்ளே கைவிட்டு மணிக்கயிற்றை இழுக்கும் சேவகனை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் அந்தக் கை நேராக மரபணுவையே பற்றிக்கொள்கிறது.

சர்க்கார் ஆபீஸைப்போலவே இங்கும் உத்தரவு ஒரே படியில் இறங்குவதில்லை. டாக்ஸ்-ஆருக்குத் துணையாக இன்னொரு சேவகன் உண்டு. இருவரும் சேர்ந்து மணியடித்தால் டாக்ஸ்-டி என்ற மேலதிகாரி வேலைக்கு வருகிறார். அவர் ஒரே சமயத்தில் இரண்டு காரியங்களுக்குக் கையெழுத்துப் போடுகிறார். ஒன்று விஷம், மற்றொன்று, கிருமிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குடலில் குடியேறுவதற்கு வேண்டிய மெல்லிய மயிரிழைகள். குடியேற முடியாத இடத்தில் விஷத்தைக் கொட்டிப் பிரயோஜனமில்லை. இரண்டும் ஒரே உத்தரவில் அடங்கியிருப்பதன் நியாயம் அதுதான்.

சரி, குடலுக்கு வந்து சேர்ந்துவிட்டோம் என்று கிருமிக்கு எப்படித் தெரியும்? கிருமிக்குக் கண்ணில்லை, காதில்லை. ரசங்களின் ருசி ஒன்றுதான் அதற்கு வழிகாட்டி. இரைப்பையின் அமிலத்தில் பெரும்பான்மைக் கிருமிகள் மடிந்துவிடுகின்றன. தப்பியவை சிறுகுடலுக்குள் வந்ததும் பித்த நீரைச் சந்திக்கின்றன. பித்தத்தோடு வரும் சில கொழுப்பு அமிலங்கள் மேலதிகாரியான டாக்ஸ்-டியின் மடியிலேயே போய் உட்கார்ந்துகொண்டு அவரை எழுந்திருக்கவிடாமல் செய்கின்றன என்பது 2010-ல் வெளியாயிற்று. அதாவது, 'இது குடலின் நடுவழி. இங்கே கடை விரிக்காதே' என்று அர்த்தம். கிருமி வாலைச் சுழற்றிக்கொண்டு கோழையைத் துளைத்துச் சுவரை நெருங்குகிறது. அங்கே பித்தம் குறைவு; குடல் சுரக்கும் பைகார்பனேட் என்ற உப்பு அதிகம். கட்டுத் தளர்கிறது, டாக்ஸ்-டி எழுந்து பேனாவை எடுக்கிறார். நம் உடம்பு தன் சௌகரியத்துக்காகச் சுரக்கிற நீர்களையே இந்தக் கிருமி வழிகாட்டிப் பலகைகளாகப் படித்துக்கொள்கிறது.

எல்லாக் கிருமிகளும் இதே பலகையைப் படிப்பதில்லை. சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லாக் கிருமி உஷ்ணத்தைப் பார்க்கிறது. முப்பது டிகிரி சென்டிகிரேடில் வளர்த்தால் பரம சாது. நம் உடம்பின் முப்பத்தேழு டிகிரிக்கு வந்தால் குடல் சுவரைப் பிளந்துகொண்டு உள்ளே போகிறது.

காலரா விஷத்தைப் பற்றி இன்னொரு வேடிக்கை 1996-ல் வெளிப்பட்டது. அந்த விஷத்தின் குறிப்பு கிருமியின் சொந்தச் சொத்தே அல்ல! கிருமிகளைத் தொற்றுகிற ஒரு வைரஸ் அதைக் கொண்டுவந்து கொடுத்தது. அந்த வைரஸ் எந்த வாசல் வழியாகக் கிருமிக்குள் நுழைகிறது என்று பார்த்தால், மேலே சொன்ன மயிரிழைகளே வாசல். ஆனால் திண்ணைச் சேவகன் டாக்ஸ்-ஆர் இருக்கிறதே, அது கிருமியின் பரம்பரைச் சொத்து. மனிதனுக்குத் தீங்கு செய்யாத அதன் ஒன்றுவிட்ட உறவினரிடத்திலும் காணப்படுகிறது. இரவல் ஆயுதத்தை வைத்துக்கொண்டு, பழைய குடும்பச் சேவகனையே அதற்குக் காவலாளியாக்கிவிட்டது. நம் வீடுகளில் புதிதாக வந்த கார் சாவியைப் பழைய கணக்குப்பிள்ளையிடம் கொடுத்து வைப்பதில்லையா, அந்த மாதிரி.

இடமும் வேளையும் ஆயிற்று. மூன்றாவதாக ஆள்பலம். கிருமிகள் தங்களை எண்ணிப் பார்க்கின்றன என்று ஐம்பது அறுபது வருஷங்களுக்கு முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். 1970-ல் சமுத்திரத்தில் வாழும் மினுமினுக்கும் கிருமிகளை ஆராய்ந்தவர்கள் அதைச் சந்தேகமறக் காட்டினார்கள். அந்தக் கிருமிகள் ஒன்றிரண்டாய் இருக்கும்போது ஒளி விடுவதில்லை. கூட்டமானால்தான் ஒளி விடுகின்றன. ஒவ்வொரு கிருமியும் ஒரு சிறு வஸ்துவை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. தனியாக இருந்தால் அது ஜலத்தில் கரைந்துவிடுகிறது, நெருக்கமானால் திரள்கிறது. கல்யாண வீட்டில் கண்ணை மூடிக்கொண்டாலும் மல்லிகை மணத்தைக் கொண்டே கூட்டத்தை மதிப்பிட்டுவிடலாமே, அதுபோல.

காலராக் கிருமிக்கும் இந்த வித்தை உண்டு. கூட்டம் சேர்ந்ததும் அது விஷத்தைக் கக்கத் தொடங்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். நடப்பது நேர் எதிர்! பிரின்ஸ்டனில் பானி பாஸ்லரும் ஹார்வர்டில் மெக்கலானஸும் அவர்களுடைய சகாக்களும் 2002-ல் இதை விளக்கினார்கள். எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது விஷமும் மயிரிழையும் தயாராகின்றன. கூட்டம் நிறைந்ததும் ஹாப்-ஆர் என்ற வேறோர் அதிகாரி தலைதூக்கி, டாக்ஸ்-ஆருடைய துணைச் சேவகனின் நியமனத்தையே ரத்துச் செய்துவிடுகிறார். மணி அடிப்பாரில்லை, விஷம் நின்றுவிடுகிறது. மாறாக, கோழையை அறுக்கும் ஒரு கத்திரி தயாராகிறது.

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு கணக்கு இருக்கிறது. காலரா சில தினங்களில் முடிந்துவிடுகிற வியாதி. சிலராக வந்து கோடிகளாகப் பெருகிய பிறகு கிருமிக்கு அந்தக் குடலில் வேலையில்லை. பிடியை விட்டுவிட்டு, தான் வரவழைத்த வெள்ளத்திலேயே மிதந்து வெளியேறி அடுத்த குளத்தையும் அடுத்த மனிதனையும் தேட வேண்டும். நோயாளியின் மரணத்தில் அதற்கு விருப்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. பயணத்துக்கு வேண்டிய வெள்ளம் ஒன்றே அதன் நோக்கம். அப்படி வெளியேறியவை எளிய பகையாளிகள் அல்ல. நோயாளியின் கழிவிலிருந்து அப்போதுதான் வந்த கிருமிகள், ஆராய்ச்சிசாலையில் வளர்த்த கிருமிகளைவிட வெகு சுலபமாக எலிக்குஞ்சுகளைத் தொற்றியதாக அதே 2002-ல் கண்டார்கள். குளத்து ஜலத்தில் கலந்த பிறகும் சில மணி நேரம் அந்த வேகம் நீடிக்கிறது. ஒரு வீட்டில் ஒருவருக்கு வந்தால் மறுநாளே பக்கத்து வீடு வரை பாய்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

எந்த மரபணு எப்போது விழிக்கிறது என்று தெரிந்து நமக்கு ஆவதென்ன என்று கேட்கலாம். கிருமியைக் கொல்லும் மருந்துகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஆனால் கொல்லும் மருந்துக்குத் தப்பிய கிருமியின் சந்ததி அந்த மருந்தையே சட்டை செய்வதில்லை. காலரா விஷயத்திலும் இது நேர்ந்துகொண்டிருக்கிறது. கொல்லாமல், அதன் உத்தரவுகளில் மட்டும் குழப்பம் உண்டாக்கினால் என்ன? 2005-ல் ஹார்வர்டில் விர்ஸ்டாடின் என்ற ஒரு வஸ்துவைக் கண்டுபிடித்தார்கள். அது கிருமியைக் கொல்வதில்லை. டாக்ஸ்-டியை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. அதைக் கொடுத்த எலிக்குஞ்சுகளின் குடலில் காலராக் கிருமி குடியேற முடியாமல் தவித்தது. 2010-ல் கார்னெல் சர்வகலாசாலையில் இன்னும் தந்திரமான காரியம் செய்தார்கள். தீங்கற்ற ஒரு குடல் கிருமிக்கு, காலராக் கிருமியின் 'கூட்டம் சேர்ந்துவிட்டது' என்ற சமிக்ஞையைத் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அந்தக் கிருமியை முன்கூட்டி ஊட்டிய எலிக்குஞ்சுகளில் பெரும்பாலானவை காலராவுக்குத் தப்பின. பத்துப் பேர் வந்து, ஊரெல்லாம் நம் ஆட்களே என்று ஏமாந்து, ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிய கதைதான். இரண்டையும் ஒரே சமயத்தில் ஊட்டியபோது பலன் வெகுவாகக் குறைந்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மனிதர் செய்த தந்திரத்துக்கு இணையான ஒன்றை இயற்கையும் செய்துவைத்திருக்கிறது. வங்காள தேசத்தில் காலராவிலிருந்து தேறியவர்களின் குடலை ஆராய்ந்தபோது, நம் வயிற்றில் சாதாரணமாகவே வாழும் ஒரு கிருமி காலராக் கிருமியை அடக்கிவைக்கும் சமிக்ஞையை விடுகிறது என்று 2014-ல் தெரிந்தது.

ஆயினும் இவற்றில் எதுவும் மருந்துக் கடைக்கு வந்துவிடவில்லை. எலிக்குஞ்சு மனிதக் குழந்தையல்ல. தவிர, காலராக் கிருமிகளிலேயே சில வகைகளில் ஹாப்-ஆர் பழுதாகிக் கிடக்கிறது. கூட்டத்தின் செய்தி அவற்றுக்குக் காதில் விழாது, ஆகவே பொய்ச் செய்தியும் விழாது. 1961-ல் இந்தோனேஷியாவில் கிளம்பிய ஏழாவது காலராப் பேரலை இன்னும் ஓயவில்லை. யுத்தத்தாலும் வெள்ளத்தாலும் குழாய்கள் உடைந்து, சாக்கடையும் குடிஜலமும் ஒன்றாகிப்போன ஊர்களில் அது இன்றும் திடீரென்று கிளம்புகிறது. அங்கே இன்றைக்கு ஒரு குழந்தையைக் காப்பாற்றுவது உப்பும் சர்க்கரையும் கரைத்த அந்த ஜலந்தான். டாக்ஸ்-டியை ஏமாற்றும் மருந்து வந்தாலும் அதன் பக்கத்தில் துணையாகத்தான் நிற்க முடியும்.

தொண்டை அடைப்பான் என்ற டிப்தீரியாவின் கிருமியும் இரவல் விஷக்காரன்தான். அதற்கும் விஷத்தைக் கொடுத்தது ஒரு வைரஸ். அது பார்க்கும் அடையாளம் பித்தமுமல்ல, உஷ்ணமுமல்ல, இரும்பு. இரும்புச் சத்து தாராளமாகக் கிடைக்கும்வரை விஷக் குறிப்பைப் பூட்டி வைத்திருக்கிறது. இரும்பு குறைந்தால் பூட்டைத் திறக்கிறது. மனித உடம்பு இரும்பைக் கிருமிகளின் கைக்கு எட்டாமல் ஒளித்துவைப்பதில் மகா கெட்டி. அந்தக் கண்ணாமூச்சி விளையாட்டை இன்னொரு வாரம் பார்க்கலாம்.